ஆண்டவர் முன் விரித்த கடிதம்

கவலையை மேற்கொள்ளுவது குறித்து ஒரு வேதபாடம்
வாசிக்க வேண்டிய பகுதி: 2 இராஜாக்கள் 18, 19, 20 அதிகாரங்கள்





மருத்துவமனையில் கவலை பெரும்பாலும் ஒரு காகிதமாகத்தான் கைக்கு வந்து சேருகிறது. ஸ்கேன் ரிப்போர்ட், ரத்தப் பரிசோதனைச் சீட்டு, ஆபரேஷனுக்குக் கையெழுத்துக் கேட்கும் தாள், கடைசியில் பில். வராந்தா பெஞ்சில் காத்திருக்கும் உறவினர்களைக் கவனித்திருப்பீர்கள். அந்தக் காகிதத்தை மடிப்பார்கள், பைக்குள் வைப்பார்கள், ஐந்து நிமிஷத்தில் மறுபடியும் எடுத்து விரிப்பார்கள். அதிலுள்ள எழுத்து மாறியிருக்காது. ஆனாலும் திரும்பத் திரும்ப வாசிப்பார்கள். வீடுகளிலும் இப்படித்தான். பாங்கிலிருந்து வந்த நோட்டீஸ், மகளின் பரீட்சை மார்க், வெளியூரில் இருக்கும் மகன் அனுப்பிய செய்தி என்று ஒவ்வொரு குடும்பத்திலும் இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் ஒரு காகிதம் உண்டு.

இப்படிப்பட்டவர்களிடம் போய், "கவலைப்படாதீர்கள்" என்று சொல்லிவிட்டு வருவது சுலபம். கவலைப்பட வேண்டாம் என்று நம் ஆண்டவரும் சொல்லியிருக்கிறார் (மத்தேயு 6:25-34). ஆனால் வேதம் கட்டளையோடு நின்றுவிடவில்லை. அப்படிப்பட்ட ஒரு காகிதத்தைக் கையில் வாங்கிய மனிதன் ஒருவனை நமக்குக் காட்டுகிறது. அவன் யூதாவின் ராஜாவாகிய எசேக்கியா. அந்தக் கடிதத்தை அவன் என்ன செய்தான் என்பதை இம்முறை சேர்ந்து தியானிப்போம்.

கடிதம் வந்த காலம்

கி.மு. 701-ம் ஆண்டு. அசீரியாவின் ராஜாவாகிய சனகெரிப் பெரும் சேனையோடு யூதாவுக்குள் நுழைந்தான். அரணான பட்டணங்கள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. இது வேதத்தில் மட்டும் உள்ள செய்தியல்ல. சனகெரிப் தன் வெற்றிகளை எழுதிவைத்த ஆறு முகமுள்ள களிமண் பட்டகம் ஒன்று நினிவேயின் இடிபாடுகளில் 1830-ல் கிடைத்தது. இன்று அது லண்டனிலுள்ள பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. யூதாவின் 46 அரணான பட்டணங்களைப் பிடித்ததாகவும், எசேக்கியாவைக் கூண்டுப் பறவையைப் போல எருசலேமில் அடைத்துப்போட்டதாகவும் அவன் அதில் பெருமை பேசுகிறான். லாகீஸ் பட்டணத்தை அவன் முற்றுகையிட்ட காட்சியைக் காட்டும் கற்சிற்பங்களும் அதே மியூசியத்தில் உள்ளன. மதிலில் ஏறும் வீரர்கள், சிறைபிடிக்கப்பட்டு நடக்கும் குடும்பங்கள் எல்லாம் அதில் செதுக்கப்பட்டிருக்கின்றன.

ஆகவே எசேக்கியாவின் பயம் வெறும் கற்பனையல்ல. லாகீசுக்கு என்ன நேர்ந்ததோ அது எருசலேமுக்கும் நேரக் கூடியதாயிருந்தது. கவலைப்படுகிறவர்களைப் பார்த்து, "இதெல்லாம் ஒன்றுமில்லை" என்று நாம் சொல்லிவிடுகிறோம். பல வேளைகளில் அது உண்மையல்ல. வேதம் அப்படிச் சொல்லவில்லை.

பயம் முதலில் செய்யச் சொன்னது

எசேக்கியா முதலில் ஜெபிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். 18-ம் அதிகாரம் 14 முதல் 16 வரையுள்ள வசனங்களின்படி, அவன் முதலில் பணம் கொடுத்துப் பார்த்தான். சனகெரிப் கேட்டது 300 தாலந்து வெள்ளியும் 30 தாலந்து பொன்னும். அதற்காக ஆலயத்தின் வெள்ளியெல்லாம் போயிற்று. அரமனைப் பொக்கிஷமும் போயிற்று. தானே முன்பு பொன்தகட்டால் மூடிய ஆலயக் கதவுகளிலிருந்து அந்தப் பொன்னை அவன் கழற்றிக் கொடுத்தான். பொன் 30 தாலந்து என்பதில் சனகெரிபின் களிமண் பட்டகமும் வேதமும் ஒத்துப்போகின்றன.

இவ்வளவு கொடுத்தும் என்ன பயன்? அசீரிய சேனை திரும்பவில்லை. ரப்சாக்கே என்பவன் எருசலேமின் வாசல் மட்டும் வந்து நின்று மிரட்டினான். கவலை எப்போதும் இப்படித்தான். ஒன்றைக் கொடுத்து அதை அமர்த்தலாம் என்று நினைக்கிறோம். தூக்கத்தைக் கொடுக்கிறோம். சாப்பாட்டைக் கொடுக்கிறோம். குடும்ப ஜெப நேரத்தையும், பிள்ளைகளோடு பேசும் வேளையையும் கொடுக்கிறோம். வாங்கிக்கொண்டு மறுநாள் காலையில் அது மறுபடியும் வாசலில் வந்து நிற்கிறது.

ரப்சாக்கே எந்தப் பாஷையில் பேசினான் என்பதும் முக்கியம். சீரிய பாஷையில் பேசும்படி எசேக்கியாவின் அதிகாரிகள் அவனைக் கேட்டுக்கொண்டார்கள். அவனோ, மதிலின்மேல் இருந்த சாதாரண ஜனங்களுக்கும் விளங்கும்படி யூத பாஷையிலேயே சத்தமிட்டான். பயம் நமக்குப் புரியாத பாஷையில் பேசுவதில்லை. நம் தாய்மொழியில், நம் வீட்டு விஷயங்களைச் சொல்லி, நம் பிள்ளைகளின் பேரைச் சொல்லித்தான் பேசும். ஜனங்களோ ஒரு வார்த்தையும் மறுமொழி சொல்லவில்லை. பதில் பேச வேண்டாம் என்பது ராஜாவின் கட்டளையாயிருந்தது (18:36). நள்ளிரவில் கவலையோடு வாதாடி ஜெயித்தவர்கள் ஒருவருமில்லை.

விரிக்கப்பட்ட கடிதம்

எசேக்கியா இரட்டு உடுத்திக்கொண்டு ஆலயத்துக்குப் போனான்; ஏசாயா தீர்க்கதரிசியிடம் ஆள் அனுப்பினான். பயப்பட வேண்டாம் என்ற வார்த்தை கர்த்தரிடமிருந்து வந்தது. அதற்குப் பின்புதான் அந்தக் கடிதம் வருகிறது. வாக்குத்தத்தம் கிடைத்த பின்பும் மிரட்டல் இரண்டாம் முறை வந்தது! ஜெபித்து எழுந்த பின்பும் கவலை திரும்பி வருகிறதே, என் ஜெபம் வீணோ என்று கலங்குகிறவர்கள் இதைக் கவனிக்கட்டும். கவலை திரும்பி வந்ததால் ஜெபம் தோற்றுவிடவில்லை. மறுபடியும் ஆலயத்துக்குப் போக வேண்டும், அவ்வளவுதான்.

19-ம் அதிகாரம் 14 முதல் 19 வரையுள்ள வசனங்களில் எசேக்கியா செய்த நான்கு காரியங்களைக் காண்கிறோம்.

முதலாவது, அவன் கடிதத்தை வாசித்தான். கிழித்துப்போடவில்லை, ஒளித்து வைக்கவுமில்லை. ரிப்போர்ட்டில் என்ன இருக்குமோ என்று பயந்து, மார்பில் கட்டி இருப்பது தெரிந்தும் மாதக்கணக்கில் டாக்டரிடம் வராமலிருக்கும் சகோதரிகள் உண்டு. விசுவாசம் உண்மையைப் பார்க்கப் பயப்படாது.

இரண்டாவது, அதை ஆலயத்துக்கு எடுத்துக்கொண்டு போய் அங்கே விரித்தான். சர்வ ஞானமுள்ள தேவனுக்கு அந்தக் கடிதத்தை வாசித்துத்தான் தெரிய வேண்டுமா? இல்லை. விரித்ததினால் மாறியது எசேக்கியாவின் நிலைமையே. அதுவரை அந்தக் கடிதத்தைத் தனியாக வாசித்துக்கொண்டிருந்தவன், இப்பொழுது தேவனோடு சேர்ந்து வாசிக்கிறான். கவலைக்கும் ஜெபத்துக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். இரண்டிலும் கடிதம் ஒன்றே, வார்த்தைகளும் ஒன்றே. கவலையில் அதை நமக்கு நாமே வாசித்துக்கொள்ளுகிறோம். ஜெபத்தில் அதை அவருக்கு முன் வைத்து வாசிக்கிறோம்.

மூன்றாவது, ஜெபத்தைக் கடிதத்திலிருந்து தொடங்காமல் தேவனிடத்திலிருந்து தொடங்கினான். கேருபீன்களின் நடுவே வாசம்பண்ணுகிறவர், வானத்தையும் பூமியையும் உண்டாக்கினவர் என்று அவரை முதலில் அறிக்கையிட்டான். அதன் பின்பு, அசீரியர் தேசங்களைப் பாழாக்கியது மெய்தான் என்று ஒத்துக்கொண்டான். இந்த வரிசையைக் கவனியுங்கள். பிரச்சினையை முதலில் பார்த்தால் தேவன் சிறியவராகத் தெரிவார். தேவனை முதலில் பார்த்தால் பிரச்சினை தன் சரியான அளவில் தெரியும்.

நான்காவது, வேண்டியதை நேராகக் கேட்டான். எங்களை இரட்சியும் என்றான். பூமியின் ராஜ்யங்களெல்லாம் கர்த்தரை அறிய வேண்டும் என்ற காரணத்தையும் சொன்னான். அவனுடைய முழு ஜெபமும் ஐந்தே வசனங்கள். நீண்ட ஜெபம் செய்யப் பெலனில்லாத வியாதியஸ்தருக்கு இது எவ்வளவு ஆறுதல்!

ஜெபித்தவன் வாய்க்காலும் வெட்டினான்

தேவனை நம்புகிறவன் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவான் என்று சிலர் நினைக்கிறார்கள். எசேக்கியா அப்படியிருக்கவில்லை. 2 நாளாகமம் 32-ம் அதிகாரத்தை வாசியுங்கள். நகரத்துக்கு வெளியே இருந்த ஊற்றுகளை அடைத்தான்; இடிந்த மதிலைக் கட்டினான்; கீகோன் ஊற்றின் தண்ணீரை நகரத்துக்குள் திருப்பினான். எருசலேமில் பாறையைக் குடைந்து வெட்டப்பட்ட ஒரு சுரங்க வாய்க்காலை இன்றும் பயணிகள் நடந்து பார்க்கிறார்கள். அதன் நீளம் ஏறக்குறைய 533 மீட்டர். இரு முனைகளிலிருந்தும் வெட்டிக்கொண்டு வந்த வேலையாட்கள் நடுவில் சந்தித்ததைச் சொல்லும் எபிரெயக் கல்வெட்டு 1880-ல் அதற்குள் கண்டுபிடிக்கப்பட்டது. இது எசேக்கியா வெட்டிய வாய்க்கால்தான் என்று ஆராய்ச்சியாளர்களில் பெரும்பாலோர் கருதுகிறார்கள்.

ஆனால் ஓர் எச்சரிப்பும் உண்டு. ஏசாயா 22-ம் அதிகாரம் 8 முதல் 11 வரையுள்ள வசனங்களில் தீர்க்கதரிசி எருசலேமைக் கடிந்துகொள்ளுகிறார். மதிலையும் ஆயுதங்களையும் குளத்துத் தண்ணீரையும் பார்த்தீர்கள், இதையெல்லாம் ஏற்படுத்தினவரை நோக்கிப் பார்க்கவில்லையே என்பதே அவர் துக்கம். வாய்க்கால் வெட்டுவது பாவமல்ல. வாய்க்காலை மட்டும் நம்புவதுதான் ஆபத்து. உழைப்பு இல்லாத ஜெபமும், ஜெபம் இல்லாத உழைப்பும் நம்மைக் கவலையிலேயே விட்டுவிடும்.

நம் நாட்டு மிஷன் மருத்துவ ஊழிய சரித்திரத்திலேயே இதற்குச் சாட்சி உண்டு. டாக்டர் ஐடா ஸ்கட்டர் அம்மையார் 1918-ல் வேலூரில் பெண்களுக்கென்று ஒரு மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். அங்கே பயின்ற பெண்கள் எல்.எம்.பி. என்னும் டிப்ளமா பெற்று டாக்டர்களாக ஊழியம் செய்தார்கள். 20 ஆண்டுகள் கழித்து, 1938-ல், சென்னை மாகாண அரசாங்கத்தின் தீர்மானம் ஒன்று வந்தது. டிப்ளமாப் படிப்பு இனி போதாது, எம்.பி.பி.எஸ். பட்டப்படிப்பு நடத்தும் கல்லூரியாக உயர வேண்டும். அதற்கு உயர்ந்த பட்டம் பெற்ற ஆசிரியர்கள் வேண்டும். கூடுதல் படுக்கைகளும் ஆய்வுக்கூடங்களும் வேண்டும். பெரும் பணம் வேண்டும். இல்லாவிட்டால் பள்ளியை மூட வேண்டியதுதான். அப்பொழுது அம்மையாருக்கு வயது 70-ஐ நெருங்கிக்கொண்டிருந்தது. வாழ்நாள் வேலையெல்லாம் ஒரே காகிதத்தில் முடிந்துபோகும் போலிருந்தது. அந்தத் தள்ளாத வயதிலும், யுத்த காலத்தில், அவர் அமெரிக்காவுக்குப் போய் சபைகளின் உதவியைத் தேடினார். 1942-ல் எம்.பி.பி.எஸ். வகுப்பு நடத்த அனுமதி கிடைத்தது. 1947-ல் ஆண்களும் அங்கே சேர்த்துக்கொள்ளப்பட்டார்கள். அந்தக் காகிதம் வந்திராவிட்டால் இன்றுள்ள அந்தக் கல்லூரி இவ்வளவு வளர்ந்திருக்குமோ?

அத்திப்பழப் பற்று

எசேக்கியாவின் கதை இத்தோடு முடியவில்லை. 20-ம் அதிகாரத்தில் அவன் மரணத்துக்கு ஏதுவான வியாதியில் விழுகிறான். சுவர்ப் பக்கமாய் முகத்தைத் திருப்பிக்கொண்டு, மிகவும் அழுது ஜெபித்தான். கண்ணீர் அவிசுவாசமல்ல. அந்தக் கண்ணீரைக் கண்டேன் என்று தேவன் சொல்லி அனுப்பினார். அவன் நாட்களோடே 15 வருஷம் கூட்டிக் கொடுத்தார்.

அதன்பின் நடந்தது என்ன? ஏசாயா அத்திப்பழ அடையைக் கொண்டுவரச் சொன்னார். அதைப் பிளவையின்மேல் பற்றுப்போட்டார்கள், ராஜா பிழைத்தான். சுகம் கொடுப்பதாக வாக்குப்பண்ணின தேவன், அந்நாளில் கைக்கு எட்டிய மருந்தைத் தள்ளிவிடச் சொல்லவில்லை. ஜெபமும் பற்றும் ஒரே படுக்கையருகே சேர்ந்து வந்தன.

இதை ஏன் அழுத்திச் சொல்லுகிறோம் என்றால், கவலையே சில வேளைகளில் வைத்தியம் தேவைப்படும் வியாதியாகிவிடுகிறது. பல மாதங்களாக, பெரும்பாலான நாட்களில், அடக்க முடியாத பயம், தூக்கமின்மை, நெஞ்சுப் படபடப்பு, கை நடுக்கம், வேலையில் மனம் நிற்காமை. இப்படியிருந்தால் டாக்டரைப் பார்க்க வேண்டும். தைராய்டு சுரப்பி அளவுக்கு மிஞ்சி வேலை செய்தாலும் இதே அறிகுறிகள் வரும். ரத்தப் பரிசோதனையில் அதைக் கண்டுபிடித்துவிடலாம். பிரசவத்துக்குப் பின் சில தாய்மாருக்கு வரும் மனக்கலக்கத்துக்கும் நல்ல சிகிச்சை உண்டு. ஆலோசனையினாலும் தேவையான மருந்தினாலும் இவர்களில் அநேகர் சுகமடைகிறார்கள்.

இப்படிப்பட்டவர்களைப் பார்த்து, "உனக்கு விசுவாசம் போதாது" என்று யாரும் சொல்ல வேண்டாம். சர்க்கரை வியாதிக்காரரிடம் அப்படிச் சொல்லுவோமா? ஜெபித்தாகிவிட்டது, மாத்திரையை நிறுத்திவிடு என்று ஆலோசனை சொல்லவும் வேண்டாம். சில மாத்திரைகளை டாக்டரைக் கேளாமல் திடீரென்று நிறுத்துவது ஆபத்தானது. ஒருவர், "நான் உயிரோடிருந்து என்ன பயன்" என்று பேசத் தொடங்கினால், அவரைத் தனியே விடாமல் உடனே டாக்டரிடம் அழைத்து வாருங்கள். 2022 முதல் இந்திய அரசு நடத்திவரும் 14416 என்ற இலவசத் தொலைபேசி எண்ணிலும் மனநல ஆலோசனை கிடைக்கும். பற்றுப்போட வந்த கையும் தேவனுடைய கைதான்.

பதில் வேறாக வரும்போது

எருசலேம் தப்பியது. ஒரே இரவில் அசீரியரின் பாளயத்தில் 1,85,000 பேர் மாண்டார்கள். சனகெரிப் நினிவேக்குத் திரும்பிப்போனான். 46 பட்டணங்களைப் பிடித்ததாகப் பெருமை பேசிய அவனுடைய களிமண் பட்டகமும், எருசலேமைப் பிடித்ததாக எங்கும் சொல்லவில்லை.

ஆனால் விரித்து வைத்த எல்லாக் கடிதங்களுக்கும் இப்படியே பதில் வருவதில்லை. மருத்துவமனையில் ஊழியம் செய்கிறவர்கள் இதை மறைக்க முடியாது. ஜெபத்தோடு நடந்த ஆபரேஷனுக்குப் பின்பும் வெறுமையான கட்டில்கள் உண்டு. அப்போஸ்தலனாகிய பவுல் தன் சரீரத்திலிருந்த முள்ளுக்காக மூன்றுதரம் வேண்டிக்கொண்டார். முள் எடுபடவில்லை, கிருபை கொடுக்கப்பட்டது (2 கொரிந்தியர் 12:7-9). அதே பவுல் கட்டுண்டவராய் இருந்துகொண்டே பிலிப்பி சபைக்கு எழுதினார். கவலைக்குப் பதிலாக, ஸ்தோத்திரத்தோடு கூடிய ஜெபத்தினால் எல்லாவற்றையும் தேவனுக்குத் தெரியப்படுத்தும்படி சொன்னார். அப்படிச் செய்தால் தேவசமாதானம் நம் இருதயத்தைக் காக்கும் என்றார் (பிலிப்பியர் 4:6-7). "காக்கும்" என்பதற்கு அவர் உபயோகித்த கிரேக்க வார்த்தை, போர்ச்சேவகர் ஒரு பட்டணத்தைக் காவல்காப்பதைக் குறிப்பது. முற்றுகை நீங்கினாலும் நீங்காவிட்டாலும் உள்ளே காவல் உண்டு. சங்கிலி கழன்ற பின்பு எழுதியதல்ல இது, சங்கிலியோடு எழுதியது.

ஆகையால் கடிதத்தை விரிக்கிறவனுக்கு நிச்சயமாய்க் கிடைக்கும் ஒன்று உண்டு. இனி அவன் அதைத் தனியாக வாசிப்பதில்லை.

இந்த வாரம் நாம் செய்யக் கூடியவை

1. உங்கள் கவலையை ஒரே வாக்கியத்தில் ஒரு தாளில் எழுதுங்கள். ரிப்போர்ட்டோ நோட்டீஸோ இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். முழங்காற்படியிட்டு, அதை உங்களுக்கு முன்னே விரித்து வையுங்கள்.

2. கேட்பதற்கு முன் தேவன் யார் என்று மூன்று காரியங்களைச் சொல்லி ஸ்தோத்திரியுங்கள். பின்பு வேண்டியதை நேராகக் கேளுங்கள்.

3. அதே தாளின் கீழே, இன்றைக்குச் செய்யக் கூடிய ஒரு வேலையை எழுதுங்கள். டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வியாயிருக்கலாம். கடன்காரரிடம் நேரில் போய்ப் பேசுவதாயிருக்கலாம். நாளைக்குரியதை எழுத வேண்டாம். மன்னாவும் அன்றன்றைக்கு வேண்டிய அளவே கிடைத்தது. மறுநாளுக்கென்று மீதி வைத்தது பூச்சி பிடித்தது (யாத்திராகமம் 16).

4. எசேக்கியா ஏசாயாவிடம் ஆள் அனுப்பினதுபோல, உங்களுக்காக ஜெபிக்கும் ஒருவரிடம் சொல்லுங்கள். வேறொருவர் உங்களிடம் சொன்னால் அதை ஊரெல்லாம் சொல்லாமல் ஆண்டவரிடம் மட்டும் சொல்லுங்கள்.

5. இரவில் கவலை திரும்பி வந்தால், அதோடு வாதாடாமல், "ஆண்டவரே, அந்தக் காகிதம் உம்மிடத்தில் இருக்கிறது" என்று சொல்லிப் படுத்துக்கொள்ளுங்கள்.

குடும்ப ஜெபத்தில் சிந்திக்க

எசேக்கியா ஆலயக் கதவின் பொன்னைக் கழற்றிக் கொடுத்ததுபோல, நாம் கவலைக்கென்று எதைக் கழற்றிக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்? நம் வீட்டில் ஒருவருக்கும் காட்டாமல் மடித்து வைத்திருக்கிற கடிதம் உண்டா? நாம் வெட்ட வேண்டிய வாய்க்கால் எது?

ஜெபம்: பரலோக பிதாவே, வானத்தையும் பூமியையும் உண்டாக்கினவரே, இந்தக் காகிதத்தைப் பாரும். இதில் எழுதியிருப்பது மெய்தான், எங்களுக்குப் பெலனில்லை. எங்களை இரட்சியும். இன்றைக்குரிய வேலையைச் செய்ய எங்கள் கைகளுக்குப் பெலனையும், நாளைய தினத்தை உம்மிடத்தில் விட எங்கள் இருதயத்துக்குச் சமாதானத்தையும் தாரும். வராந்தாவில் காத்திருக்கிற ஒவ்வொருவரோடும் கூட இரும். இயேசுவின் மூலம் கேட்கிறோம், பிதாவே. ஆமென்.

அன்பான பங்காளர்களே, உங்கள் வீட்டில் விரித்து வைக்கப்பட்டிருக்கும் கடிதத்துக்காக நாங்கள் காலை ஜெபத்தில் மன்றாடுகிறோம். இங்கே வார்டுகளில் இருக்கிறவர்களின் கடிதங்களுக்காக நீங்களும் ஜெபியுங்கள். சமாதானத்தின் தேவன் உங்கள் யாவரோடும் இருப்பாராக.